மிச்சம் வைக்கக் கூடாத நோய்

இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஆறு வயதுக் குழந்தை பாயில் படுத்து, கதை கேட்கத் தயாராகிவிட்டது. அம்மா மருந்து டப்பாவைத் திறக்கிறார். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் திங்கள், புதன், வெள்ளிக் கட்டங்களில் ‘1’ என்றும், மற்ற நாட்களில் ‘½’ என்றும் பேனாவால் எழுதியிருக்கிறது. இன்று செவ்வாய். வெளிர்மஞ்சள் மாத்திரை ஒன்றை நடுக்கோட்டில் பிடித்து உடைக்கிறார். ஒரு பாதி குழந்தையின் வாய்க்குப் போகிறது. மறுபாதி டப்பாவுக்குத் திரும்புகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காலண்டரில் இன்றைய கட்டத்தில் ஒரு டிக் போடுகிறார்.

குழந்தைக்கு உதிர்ந்த முடி திரும்ப வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிறது, தெருவில் ஓடி விளையாடுகிறது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. எலும்பு மஜ்ஜையிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னும் ஒன்றரை வருடம் மாத்திரை தொடர வேண்டும் என்கிறார் மருத்துவர். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. “அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குப் பிள்ளைக்கு இந்தச் சூடான மருந்து?” என்கிறார்.

புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடும் குழந்தை இருக்கும் வீடுகளில் எல்லாம் ஏதோ ஒரு நாள் எழும் கேள்வி இது. மருத்துவ உலகமும் இதே கேள்வியில் இருபது ஆண்டுகள் தடுமாறி நின்றிருக்கிறது. அதற்கு விடை கிடைத்த பிறகுதான், வந்தால் மரணம் நிச்சயம் என்றிருந்த ஒரு நோய், பெரும்பாலான குழந்தைகளுக்குக் குணமாகக் கூடிய நோயாக மாறியது.

நாற்றங்காலில் களை

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய். இது எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ள, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை ஒரு நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளலாம். சிவப்பணு, வெள்ளையணு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எல்லாம் அங்கேதான் நாற்றாக முளைக்கின்றன. பருவம் வந்ததும் இரத்தத்தில் இறங்கித் தத்தம் வேலையைப் பார்க்கின்றன.

இந்த நோயில், வெள்ளையணுவாக வளர வேண்டிய ஒரு நாற்றின் மரபணுவில் பிழை விழுகிறது. அது முதிர மறுக்கிறது. முதிராமலே இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருகி நாற்றங்கால் முழுவதையும் களையாய் அடைத்துக்கொள்கிறது. சிவப்பணுவுக்கு இடமில்லாமல் போகும்போது குழந்தை வெளிறிச் சோர்கிறது. தட்டணு குறைந்ததும் ஈறில் இரத்தம் கசிகிறது, அடிபடாத இடத்திலும் கன்றிய தழும்புகள் தோன்றுகின்றன. நல்ல வெள்ளையணு இல்லாததால் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மஜ்ஜை பிதுங்குவதால் கால் எலும்பு வலித்து, ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நொண்டி நடக்கிறது. இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஒரு சாதாரண இரத்த அணுப் பரிசோதனையே முதல் துப்பைக் கொடுத்துவிடும்.

1947க்கு முன்னால் இந்தத் துப்புக் கிடைத்தும் பயனில்லை. பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துபோயின.

சென்னையில் படித்தவரும் பாஸ்டன் மருத்துவரும்

கதையின் முதல் நூல் பம்பாயில் தொடங்குகிறது. 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், அங்கே கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான உணவுப் பொருள் அவர்களைத் தேற்றியது. அதற்குள் இருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. புது அணு உருவாக வேண்டுமென்றால் புது டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏ உருவாக ஃபோலிக் அமிலம் வேண்டும்.

இரண்டாவது நூல் சென்னை மருத்துவக் கல்லூரி வழியாக வருகிறது. பீமாவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அங்கே படித்துவிட்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். பிறகு நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பெரிய குழு ஒன்றை வழிநடத்தினார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த அக்குழு, அதன் அமைப்பில் சிற்சில மாற்றங்கள் செய்து போலிகளையும் உருவாக்கியது. சாவியைப் போலவே இருக்கும், பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் போலிச் சாவிகள் அவை.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர். இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்வதே அவருடைய அன்றாட வேலையாக இருந்தது. லுகேமியா வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் வேகமெடுத்ததாகத் தோன்றியது. அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன ஆகும்? சுப்பாராவின் குழு தயாரித்த போலிகளை வரவழைத்தார். 1947 டிசம்பர் 28 அன்று, அமினோப்டெரின் என்ற போலியை ஒரு 2 வயதுச் சிறுவனுக்கு ஊசியாகப் போட்டார். அடுத்த சில வாரங்களில் அவன் வெள்ளையணு எண்ணிக்கை இறங்கியது. வீங்கிய வயிறு வற்றியது. படுக்கையில் கிடந்தவன் எழுந்து நடந்தான்.

1948 ஜூனில் வெளியான ஃபார்பரின் கட்டுரை, மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேர் தேறியதைச் சொன்னது. குழந்தைகளின் அக்யூட் லுகேமியா ஒரு மருந்துக்குப் பணிந்தது அதுவே முதல் தடவை. ஆனால் கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருந்தது. தேறிய குழந்தைகள் எல்லோருக்கும் சில மாதங்களில் நோய் திரும்பியது. அந்தச் சிறுவனும் பிழைக்கவில்லை. கட்டுரை வெளிவந்த இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில் சுப்பாராவும் காலமானார். அவர் குழுவின் இன்னொரு போலியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நாம் பார்த்த அந்த வீட்டில் குழந்தை வாரம் ஒருமுறை விழுங்கும் இரண்டாவது மருந்து அதுதான்.

நித்தியகல்யாணியும் கினிப்பன்றியும்

ஒரு மருந்து சில மாதம் தாங்கினால், வேறு மருந்து தேடலாம் அல்லவா? தேடினார்கள். நியூயார்க்கில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளுக்கே போலி செய்தார்கள். 1950களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அந்த மெர்காப்டோப்யூரின்தான் அம்மா உடைத்த வெளிர்மஞ்சள் மாத்திரை. இருவருக்கும் 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த மருந்து நம் வாசலிலேயே பூக்கிறது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய் ஐந்து இதழ் விரிக்கும் நித்தியகல்யாணியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிவைக்கும் ஊர்களும் உண்டு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அச்செடியின் இலைச்சாறு சர்க்கரை நோயைக் குறைக்குமா என்று கனடாவில் ராபர்ட் நோபல் சோதித்தார். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த எதிர்பாராத விளைவைப் பின்தொடர்ந்ததில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியிலிருந்து அமெரிக்காவின் லில்லி நிறுவனத்தார் பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963இல் அங்கீகாரம் பெற்றது. அணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிய இழைகள் உருவாகும். வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாது. பிரியத் தொடங்கிய அணு பாதிவழியில் நின்று மடியும். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் இச்செடி பணப்பயிராகவே விளைகிறது.

கினிப்பன்றியின் இரத்தச் சீரம் எலியின் புற்றுக்கட்டியைக் கரைப்பதை 1953இல் ஜான் கிட் கவனித்தார். அதற்குக் காரணம் அஸ்பாரஜினேஸ் என்ற நொதி என்று பின்னர் ஜான் ப்ரூம் கண்டறிந்தார். நல்ல அணுக்கள் அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே சமைத்துக்கொள்ளும். லுகேமியா அணுவுக்கு அது சரியாக வராது, இரத்தத்தில் வருவதை நம்பித்தான் பிழைக்கும். இரத்தத்தில் இருப்பதை நொதி சிதைத்துவிட்டால் அது பட்டினி கிடந்து சாகும்.

இப்படி ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் அடிக்கும் மருந்துகள் கைக்கு வந்தன. தனித்தனியாகக் கொடுத்தபோது எல்லாம் ஒரே கதைதான்: நோய் மறைந்தது, பிறகு திரும்பியது.

ஒரே ஒரு அணு

கடனிலும் நெருப்பிலும் பகையிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்ற ஆய்வாளர், லுகேமியாவிலும் அப்படித்தான் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நலமாக இருக்கும் எலிக்குள் ஒரே ஒரு லுகேமியா அணுவைச் செலுத்தினாலும் அது பெருகி எலியைக் கொன்றுவிடும் என்று கண்டார். மருந்து ஒவ்வொரு தடவையும் இத்தனை அணுக்கள் என்று எண்ணிக் கொல்வதில்லை, இருப்பதில் இத்தனை பங்கு என்றுதான் கொல்கிறது என்பதும் அவருடைய ஆய்வில் தெளிவானது.

இதைக் குழந்தைக்குப் பொருத்திப் பாருங்கள். நோய் தெரியவரும் நாளில் உடம்பில் சுமார் 1 லட்சம் கோடி லுகேமியா அணுக்கள் இருக்கும். மருந்து கொடுத்து நூற்றுக்கு 99 பங்கை அழித்தாயிற்று. குழந்தை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கிறது. மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜை சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் மிச்சம்? 1,000 கோடி. இன்னும் ஒரு சுற்றில் 99 பங்கு போனாலும் 10 கோடி. ஃபார்பரின் குழந்தைகளுக்கு நோய் திரும்பியதன் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியாமல் போனது இல்லாமல் போய்விடவில்லை.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் இருவரும் 1960களின் தொடக்கத்தில் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். அவ்வளவு கடுமையான சிகிச்சையில் தட்டணு சரிந்து குழந்தைகள் இரத்தப்போக்கில் இறக்கும் ஆபத்து இருந்தது. தட்டணுக்களைப் பிரித்து ஏற்றும் முறையை ஃப்ரைரைக் வலியுறுத்தி நிலைநாட்டியதால்தான் அந்தக் குழந்தைகள் தாக்குப்பிடித்தார்கள். பலருக்கு மாதக்கணக்கில் நோய் தலைகாட்டவில்லை. பிறகு சிலர் தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு என்று திரும்பி வந்தார்கள். மஜ்ஜை சுத்தமாக இருந்தது. நோய் மூளையைச் சூழ்ந்த உறைகளில் ஒளிந்திருந்தது. இரத்தத்தில் ஓடும் கண்ட பொருளும் மூளைக்குள் போகாதபடி இயற்கை காவல் வைத்திருக்கிறது. அந்தக் காவல் மருந்துகளையும் தடுத்துவிட, காவலுக்குள் பதுங்கிய சில அணுக்கள் பத்திரமாகப் பிழைத்துக்கொண்டன.

இந்த இரண்டு மிச்சங்களையும் ஒருசேர எதிர்கொண்டவர் டொனால்ட் பின்கல். மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையின் முதல் இயக்குநர் அவர். குடும்பங்களிடம் கட்டணம் வாங்காத, நிறம் பார்த்துப் பிரிக்காத மருத்துவமனை அது. அவர் வகுத்த திட்டத்தின் பெயரே ‘முழுச் சிகிச்சை’. முதலில் நோயை மறையவைப்பது. அடுத்து மிச்சத்தின் மீது பலமாகத் தாக்குவது. மூளைக்குக் கதிர்வீச்சும் தண்டுவடத் திரவத்துக்குள் மெத்தோட்ரெக்சேட் ஊசியும் கொடுப்பது. கடைசியாக, இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டிலிருந்தபடியே மாத்திரை. 1960களின் இறுதியில் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் சேர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நிரந்தரமாகக் குணமானார்கள். பின்கல் புதிதாக ஒரு மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்துகளுக்கே வரிசையும் காலமும் வகுத்தார்.

கூட்டியதைக் குறைத்த காலம்

குணமான குழந்தைகள் வளர்ந்தார்கள். அப்போது வேறொரு மிச்சம் வெளியே வந்தது. நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சைச் சின்ன வயதில் மூளைக்கு வாங்கியவர்களில் பலர் படிப்பில் பின்தங்கினார்கள். சிலர் உயரமாக வளரவில்லை. சிலருக்கு வருடங்கள் கழித்து மூளையில் வேறு கட்டி வந்தது. சில மருந்துகள் இதயத் தசையைப் பலவீனமாக்கியிருந்தன. உயிரைக் காப்பாற்றிய சிகிச்சைக்குக் குழந்தை ஆயுள் முழுக்க வட்டி கட்டிக்கொண்டிருந்தது.

எனவே அடுத்த முப்பது ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி, யாருக்கு எவ்வளவு போதும் என்று அளப்பதில் போனது. மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாத மிச்சத்தை, அணுவின் மேலுள்ள அடையாளங்களைக் கொண்டோ மரபணுவைக் கொண்டோ எண்ணும் சோதனைகள் வந்தன. பத்தாயிரம் அணுக்களில் ஒன்று லுகேமியாவாக இருந்தாலும் இவை பிடித்துவிடும். முதல் மாத முடிவில் மிச்சம் இல்லாத குழந்தைக்கு மருந்தைக் கூட்டாமல் அந்த அளவிலேயே தொடரலாம். மிச்சம் இருக்கும் குழந்தைக்கு உடனே தீவிரப்படுத்தலாம். செயின்ட் ஜூடில் சிங்-ஹான் பூய் தலைமையில் நடந்த ஆய்வில் ஒரு குழந்தைக்கும் மூளைக்குத் தடுப்புக் கதிர்வீச்சு தரப்படவில்லை. 2009இல் வெளியான முடிவுப்படி, 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 93.5 விழுக்காடு.

கதிர்வீச்சின் இடத்தை இன்று நிரப்புவது தண்டுவட ஊசி. குழந்தை ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்போடு சேர்த்து, இறால் போலச் சுருண்டுகொள்ளும். கீழ் முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே மெல்லிய ஊசி நுழையும். பச்சைத் தண்ணீர்போல் தெளிந்த திரவம் சொட்டுச் சொட்டாக விழும். அதைச் சோதனைக்குப் பிடித்துக்கொண்டு, அதே ஊசி வழியாக மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிட வேலைதான். ஒரு தலைமுறைக் குழந்தைகளின் படிப்பும் வளர்ச்சியும் காப்பாற்றப்பட்டது இந்தச் சில நிமிடங்களால்தான்.

மாத்திரையின் அளவும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றல்ல. மெர்காப்டோப்யூரினைக் கையாளும் என்யூடிடி15 என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அது உள்ள குழந்தைக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் வெள்ளையணு ஆபத்தான அளவுக்குச் சரியும். ‘½’ என்று காலண்டரில் எழுதியிருப்பதற்குப் பின்னால் குழந்தையின் எடை, உயரம், இரத்த அணுக் கணக்கு, சிலசமயம் பரம்பரையும் இருக்கிறது.

உடம்பின் சொந்தப் படை

இத்தனைக்கும் பிறகும் சிலருக்கு நோய் திரும்பத்தான் செய்தது. அவர்களுக்கான வழி, மருந்துக் கடைக்கு வெளியே, குழந்தையின் சொந்த இரத்தத்திலேயே கிடைத்தது. 2012இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், இரண்டு முறை நோய் திரும்பிய 6 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, லுகேமியா அணுவின் மேலிருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைக் கண்டால் தாக்கும்படி மரபணு மாற்றம் செய்து, திரும்ப ஏற்றினார்கள். கார்-டி என்று இதற்குப் பெயர்.

ஏற்றிய படை வேலையைத் தொடங்கியதும் காய்ச்சல் கொதித்தது, இரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சுக்குக் கருவி வைக்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருப்பது தெரிந்தது. இந்தச் சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் உண்டு. அந்த நோய்க்கான டோசிலிஸுமாப் என்ற மருந்து இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் என்று அவருக்கு அதனால் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்ததும் சிறுமி மீண்டாள், நோயும் போனது. 2017இல் அமெரிக்கா இச்சிகிச்சையை அங்கீகரித்தது. 2023இல், மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 இந்தியாவில் அனுமதி பெற்றது. அந்த அனுமதி 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு.

பிளினாட்டுமோமாப் என்ற மருந்து இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. அது ஒரு கையால் டி அணுவையும் மறுகையால் லுகேமியா அணுவையும் பிடித்து அருகருகே நிறுத்திவிடும். புதிதாக நோய் கண்ட குழந்தைகளுக்கு வழக்கமான கீமோதெரபியோடு இதையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. 3 ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 87.9 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள்.

நம்மிடம் இருக்கும் மிச்சம்

இந்தியாவில் 1980களின் தொடக்கம்வரை இந்த நோயிலிருந்து பிழைத்த குழந்தைகள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை டாடா மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தோடு சேர்ந்து எம்சிபி-841 என்ற பொதுச் சிகிச்சைத் திட்டத்தை வகுத்துக்கொண்ட பிறகு, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். மெம்ஃபிஸில் நடந்ததுபோலவே இங்கும், கையிலிருந்த மருந்துகளை வரிசைப்படுத்திக் கடைசிவரை கொடுத்ததே பலன் தந்தது.

ஆனால் உலகக் கணக்கு இன்னும் நெஞ்சைச் சுடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஏதோ ஒரு புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 விழுக்காடுகூட இல்லை. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது.

இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள்: நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, சத்துக்குறைவு, சிகிச்சையின்போது தொற்றும் கிருமி, மருந்துத் தட்டுப்பாடு. இவற்றோடு, பேசத் தயங்கும் காரணம் ஒன்றும் உண்டு. முதல் மாதத்திலேயே குழந்தை நன்றாகத் தேறிவிடுகிறது. அப்பாவுக்குக் கூலி போயிருக்கும், நகை அடகில் இருக்கும், ஊரில் இன்னொரு பிள்ளை பாட்டி வீட்டில் அழுதுகொண்டிருக்கும். நோய்தான் போய்விட்டதே என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். 1,000 கோடி அணுக்கள் கூடவே வருகின்றன. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்குத் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், வராத நாளில் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஓர் ஆள் ஆகியவை சிகிச்சைக்கு வெளியே செய்யும் தர்மம் அல்ல. அவையும் சிகிச்சையில் ஒரு பங்கு. லுகேமியா அணுவை அவை நேராகத் தொடுவதில்லை. மருந்து தொடும்வரை குழந்தையை அங்கே இருக்கவைக்கின்றன.

மாத்திரை தவறுவது எவ்வளவு பெரிய விஷயம்? அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியாவின் குழு இதை ஒரு மூடியை வைத்து அளந்தது. மருந்துப் புட்டி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும் சில்லு அந்த மூடிக்குள் இருந்தது. நூறு மாத்திரையில் ஐந்துக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது.

இப்போது பாட்டிக்குப் பதில் சொல்லலாம். “சரியாயிடுச்சு பாட்டி, கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் போயிடுச்சு. தெரியாம எங்கேயாவது ஒண்ணு ரெண்டு பதுங்கியிருந்தா, அது தலையெடுக்குற நேரத்துல இந்த மாத்திரை இரத்தத்துல இருக்கணும். அதுக்குத்தான் தினமும்.” பாட்டி இரண்டு நாளில் மறந்து மறுபடியும் கேட்பார். மறுபடியும் சொல்ல வேண்டும்.

குழந்தை தூங்கிவிட்டது. உடைத்த மாத்திரையின் மறுபாதி டப்பாவுக்குள் இருக்கிறது. அது வியாழக்கிழமை இரவுக்கு.